வரும்

ஜெர்மன்காரர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால்
எங்கள் காதில் 'போகும்' என்றுதான் விழும்.
வந்த புதிதில் போனில்,
"போகுமில இருக்கிறன் அம்மா."
"எங்க போகும்?"
கீழே போகும்.
தலைமுறை தலைமுறையாய்க் கரி தோண்டி
உள்ளே பொள்ளலாய்ப் போன நிலம்,
ஒருவருக்கும் சொல்லாமல்
இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நானும்தான், என்று
அம்மாவிடம் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வயதில்
நில அளவைக் கல்லூரியில் முதல் வருடம்.
இரவு இரண்டு மணிவரை பார்சல் பிரிப்பு,
எட்டு மணிக்கு முக்காலி தோளில்.
யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்து
வகுப்பில் பாதிப்பேர் வழிவிட்டார்கள்.
விலகல் படிவத்தை நிரப்பி
நான்காய் மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன்.
கையெழுத்தும் திகதியும்தான் மிச்சம்.

செய்முறைக்குப் பொறுப்பு வீப்கே.
என்னைவிட ஆறு வயது இளையவள்.
எப்போதும் தடிமன், எப்போதும் அவசரம்,
ஆறு மாத ஒப்பந்தம்.

அன்று மட்டம் எடுக்கும் நாள்.
தேவாலயச் சுவரில் ஒரு இரும்புக் குமிழ்,
பேக்கரிச் சுவரில் இன்னொன்று.
இரண்டின் உயரமும் புத்தகத்தில் இருக்கிறது;
நடந்து அளந்துபோனால்
கணக்கு ஒத்துவர வேண்டும்.
எல்லாக் குழுவுக்கும் ஒத்துவந்தது.
எனக்கு மட்டும்
பதினொரு மில்லிமீற்றர் இடித்தது.
மூன்று தரம் நடந்தேன்.
ரசமட்டக் குமிழி நடுவில்தான் நின்றது,
என் கால்கள்தான் நிற்கவில்லை.
"நடுவில ஒரு வாசிப்பை மாற்றிவிடு,
யார் பார்க்கப் போகினம்?" என்றான்
பக்கத்துக் குழுப் பையன், இரக்கத்தோடுதான்.

மாற்றவில்லை.
நேர்மை என்று சொல்ல ஆசை.
உண்மையில் களைப்பு;
அழிறப்பரும் கொண்டுவரவில்லை.

வீப்கே கொப்பியைத் தலை நிமிராமல் பார்த்தாள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதியபடியே
வாய்விட்டும் சொன்னாள்,
இரண்டே சொல்:
நல்லது. ஏன்?

ஜெர்மனில் 'ஏன்' என்பது
ஏறக்குறைய 'வரும்' என்று ஒலிக்கும்.
அவள் கேட்டது ஏன் என்று.
எனக்குக் கேட்டது வரும் என்று.

சனிக்கிழமை, சம்பளமில்லாத நாள்,
அவளும் வந்தாள்.
முக்காலியைச் சுற்றி ஐந்தாறு தரம் தும்மினாள்.
தேவாலயத்தில் தொடங்கித் திரும்பவும் நடந்தோம்.
பையில் வேறு தாள் இல்லை,
விலகல் படிவத்தின் முதுகில்தான்
கணக்குப் போட்டோம்.
அதே பதினொன்று.
பேக்கரிக் குமிழை விரலால் சுண்டிப் பார்த்துச் சொன்னாள்:
"நீ பிழைவிடேல்ல.
சுவர்தான் இறங்கியிருக்கு."

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.
ஆளுக்கொரு கசகசா பன் வாங்கித் தின்றோம்.
வாரம் கழித்துத்தான் தெரியும்,
நிலத் தாழ்வு அளக்கும் அலுவலகத்துக்கு
அவள் எழுதியிருக்கிறாள்:
இங்கே ஒருத்தி இருக்கிறாள்,
எண்ணை மாற்ற மாட்டாள்.

ஒன்பது வருடமாய் அங்கேதான் வேலை.
தெருத்தெருவாய்,
வீடுகள் எவ்வளவு தாழ்ந்தன என்று
வீட்டுக்காரருக்கு முதலில் தெரிவது எனக்கு.

வீப்கேயின் ஒப்பந்தத்தை
யாரும் நீட்டவில்லை.
கீலில் சைக்கிள் திருத்துகிறாளாம்.
விலாசம் தேடி நன்றி எழுதினேன்.
தபாலட்டையில் பதில்:
'உண்மையில் ஞாபகம் இல்லை.
அன்றைக்கு மழையோ?'
அதன் கீழே ஒரு வரி
எழுதி, அழுத்தி வெட்டியிருந்தது.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பிடிபடவில்லை.

மழை இல்லை, வீப்கே.
ஒக்டோபர் வெயில்,
உன் மூக்கு மட்டும் சிவப்பு.
உன் ஞாபகமும் என் ஞாபகமும்
ஒத்துவரவில்லை,
நான் எதையும் மாற்றப் போவதில்லை.

வெட்டிய வரியைப் பற்றி மட்டும்
ஒரு சொல் எழுதி, கேள்விக்குறி இட்டு,
நேற்றுத் தபாலில் போட்டேன்.

வரும்.